மார்கழிப் பனியில் பொடிப் பூச்சிகள்: மேக்ரோ படமெடுக்க முழு வழிகாட்டி

நண்பகலில் ஒரு தத்துப்பூச்சியைப் படமெடுக்கப் பாருங்கள். லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோவதற்குள் அது தண்டின் மறுபக்கம் நழுவியிருக்கும். இன்னும் நெருங்கினால் துள்ளிவிடும். அதே பூச்சி மார்கழி, தை விடியலில் முதுகில் பனித்துளி கோத்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கும். பூச்சிகளின் உடற்சூடு பெரும்பாலும் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிர்ந்த உடம்பில் தசை மந்தமாகிவிடும். சிறகை இயக்கும் தசை சூடேறாமல் பறக்கவும் முடியாது. அதனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, விடிந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், 2 மி.மீ. அசுவினி (செடிப்பேன்) முதல் 12 மி.மீ. தேனீ வரை எதையும் நிதானமாக எடுக்கலாம்.

பூச்சி நிற்கும், சரி. அது உட்கார்ந்திருக்கும் தண்டு நிற்காது. பனிக்காலத்தில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை காற்றாலும் மூச்சாலும் செடியில் உரசிய முழங்காலாலும் கெட்டவை. கீழே வரும் படிகளில் பாதி, இந்த மூன்றையும் அடக்குவதற்குத்தான்.

எந்த இரவு நல்ல இரவு

பனி பெய்கிறது என்று சொல்கிறோமே தவிர, அது மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த வானத்தின் கீழ் இலை தன் சூட்டை வானத்துக்குப் பறிகொடுத்துச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. மெல்லிய சிறகுக்கும் இதே கதிதான், அதனால்தான் தட்டானின் சிறகு நரம்புகளில் துளிகள் அப்படி வரிசை கட்டுகின்றன. மேகம் போர்த்திய இரவில் இந்த வெப்ப இழப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மரத்தடியிலும் அப்படித்தான். புளியமரத்தின் கீழ் தேடிவிட்டு ‘இன்றைக்குப் பனியே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் நாலடி தள்ளி வெட்டவெளிக்கு வந்திருந்தால் போதும்.

முதல் நாள் இரவு வானிலைச் செயலியில் மூன்றைப் பாருங்கள்: வானம் தெளிவாக இருக்க வேண்டும், விடியற்காலைக் காற்று மணிக்கு 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், செயலிகளில் ‘டியூ பாயின்ட்’ என்று காட்டுவார்களே அதற்கும், வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மூன்றும் கூடினால் அலாரம் வைக்கலாம். மழை ஓய்ந்து, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போது வரும் முதல் தெளிந்த இரவு எல்லாவற்றிலும் சிறந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்ற பழமொழி குளிரைப் பற்றியது என்றாலும், படமெடுப்பவருக்கும் பொருந்தும்: மார்கழியில் மேகமும் தூறலும் பல நாட்களைத் தின்றுவிடும், தையில்தான் தொடர்ச்சியாகத் தெளிந்த விடியல்கள் கிடைக்கும்.

வேலை முதல் நாள் மாலையிலேயே தொடங்குகிறது

இருட்டில் டார்ச் அடித்து 2 மி.மீ. பூச்சியைத் தேடுவது நேர விரயம். முதல் நாள் மாலை ஐந்தரைக்குப் போய்விடுங்கள். ஆறே கால் வரைக்கும் பூச்சிகள் இரவு தங்கும் இடத்துக்கு வந்து அடங்கும். ஏரிக்கரைக் கோரை, வரப்போரத்துப் புல், தரிசு நிலத்துக் காய்ந்த குச்சிகள், வேலியோரக் கொடிகள் ஆகியவற்றைப் பாருங்கள். காய்ந்த மெல்லிய குச்சியை விடாதீர்கள்: நீலவரித் தேனீயின் ஆண்கள் கூட்டமாக வந்து, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு, கால்கள் தொங்கத் தூங்கும். தொல்லை கொடுக்காவிட்டால் மறுநாளும் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும். கருவேல மரத்தின் இளங்கிளைகளில், தோளில் கொம்பு முளைத்தாற்போன்ற சிறு தத்துப்பூச்சிகளும் அவற்றைச் சுற்றி எறும்புகளும் இருக்கும்.

கண்ட இடத்தில் அடையாளம் வையுங்கள். அந்தச் செடியில் எதையும் கட்ட வேண்டாம். ஓரடி தள்ளி ஒரு குச்சியை ஊன்றி வெள்ளைத் துணி முடியுங்கள். கிழக்கு எது, பின்னணியில் என்ன விழும், ட்ரைபாட் கால் எங்கே நிற்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். குச்சியைத் தொடாமல் நெருங்க ஒரு வழியையும் முடிவு செய்யுங்கள். செடியின் பனி ஒருமுறை உதிர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி படியாது.

அடுத்தவர் தோட்டம் என்றால் அனுமதியோடு இன்னொன்றும் கேளுங்கள்: கடைசியாக மருந்து அடித்தது எப்போது? நேற்று அடித்திருந்தால் அங்கே படமும் இல்லை, முகத்தை வைத்துக்கொண்டு படுக்க அது இடமும் இல்லை.

ஒரு அவரைக்கொடி போதும்

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், அவரைப் பந்தல். மார்கழி, தையில் பூத்துக் காய்க்கும் கொடி; பூங்கொத்தின் காம்பைக் கறுப்பு அசுவினி மொய்த்திருக்கும். ஒரு காம்பில் ஒரு சாண் நீளத்துக்குள் இத்தனையையும் தேடலாம்: வளர்ந்த அசுவினி (2 மி.மீ.), அதன் குஞ்சுகள், உரித்துப்போட்ட வெள்ளைச் சட்டைகள், அசுவினி விடும் தேன்துளிக்காகக் காத்திருக்கும் எறும்பு, இலையடியில் மஞ்சளாக நிமிர்ந்து நிற்கும் பொறிவண்டு முட்டைகள், காலில்லாத பச்சைப் புழுவாகத் தலையை அசைத்தபடி அசுவினியைத் தேடும் மலரீயின் இளம்புழு.

கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் வெளிர் பழுப்பாக ஊதிப்போய் மினுங்குவதைப் பாருங்கள். அவை உயிரோடு இல்லை. உள்ளே ஓர் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது, அல்லது வளர்ந்து போய்விட்டது. போயிருந்தால் பின்பக்கத்தில் கம்பாஸில் வரைந்தாற்போன்ற வட்ட ஓட்டை இருக்கும், சில சமயம் மூடி இன்னும் ஓரத்தில் தொங்கும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல மாடல் கிடையாது. அசையவே அசையாது, ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஃபோகஸ் ஸ்டேக்கிங்கை இதில்தான் பழக வேண்டும்.

கருவி: எவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

பல கேமராக்களில் இருக்கும் நடுத்தர அளவான ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 24 மி.மீ. அகலம். 1:1 அளவில், அதாவது பூச்சி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி, எடுத்தால் 24 மி.மீ. அகலக் காட்சி ஃபிரேமை நிறைக்கும், 2 மி.மீ. அசுவினி அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 2:1 என்றால் ஆறில் ஒரு பங்கு, 4:1 என்றால் மூன்றில் ஒரு பங்கு. தேனீக்கும் தட்டான் முகத்துக்கும் 1:1 போதும். அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் 2:1 தேவை. 4:1ஐ வெளியில், காற்றில் முயல்வது முதல் பருவத்திலேயே வேண்டாத வேலை.

செலவு குறைந்த வழிகள் மூன்று:

ரேனாக்ஸ் டிசிஆர்-250. லென்ஸின் முன்னால் மாட்டும், 8 டயாப்டர் திறனுள்ள ஒட்டு லென்ஸ். 52 முதல் 67 மி.மீ. வரையிலான ஃபில்டர் வளையத்தில் கிளிப் போலக் கவ்வும். இதன் குவியத் தூரம் 125 மி.மீ. உங்கள் ஜூம் லென்ஸை முடிவிலியில் வைத்தால், அதன் குவியத் தூரத்தை 125ஆல் வகுத்தால் வருவதுதான் பெரிதாக்கம்: 200 மி.மீ.யில் 1.6 மடங்கு, 250 மி.மீ.யில் 2 மடங்கு. பூச்சிக்கும் கண்ணாடிக்கும் ஏறக்குறைய 11, 12 செ.மீ. இடைவெளி கிடைக்கும். ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும்.

எக்ஸ்டென்ஷன் டியூப். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய். 12, 20, 36 மி.மீ. மூன்றும் சேர்ந்த செட் 68 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் போட்டால் 1.36 மடங்கு. மின்தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தொடர்பு இல்லாத மலிவு டியூபில் இன்றைய லென்ஸ் பலவற்றின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்றவே முடியாது.

ரிவர்ஸ் ரிங். லென்ஸைத் திருப்பி மாட்டுவது. அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

போனில் எடுப்பவர்கள் கிளிப் மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். இடைவெளி 2, 3 செ.மீ.தான் இருக்கும், போனின் விளிம்பு செடியில் தட்டிப் பனி உதிர்வதுதான் அங்கே முக்கியத் தொல்லை.

அபெர்ச்சரில் பலரும் குழம்புவது

1:1 அளவில் எஃப் 8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 0.6 மி.மீ. 2:1 அளவில் அதே எஃப் 8க்கு கால் மி.மீ. கூட வராது. ‘அப்படியானால் துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 வைத்துவிடலாமே’ என்று தோன்றும். டியூபோ ரிவர்ஸ் ரிங்கோ போட்டிருந்தால் வைக்கக்கூடாது. லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளிப்போவதால் அபெர்ச்சரின் உண்மை எண் பெரிதாகிறது: எழுதியிருக்கும் எண்ணைப் பெரிதாக்கத்தோடு 1 கூட்டிப் பெருக்குங்கள். 2:1இல் எஃப் 8 என்பது உண்மையில் எஃப் 24. அதற்கு மேல் மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுக்கக் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல் மழுங்கும். எனவே டியூபில் 1:1க்கு எஃப் 8 முதல் 11, 2:1க்கு எஃப் 5.6 முதல் 8.

ரேனாக்ஸுக்கு இந்தப் பெருக்கல் கிடையாது. அது லென்ஸை நகர்த்துவதில்லை. மூக்குக் கண்ணாடி மாதிரி முன்னால் உட்காருகிறது. எழுதியிருக்கும் எண்தான் உண்மை எண். அதனால் 2:1இல் டியூபோடு எஃப் 5.6 தரும் ஆழமும் ரேனாக்ஸோடு எஃப் 16 தரும் ஆழமும் ஏறக்குறைய ஒன்றே. யாரோ சொன்ன எஃப் எண்ணை அவருடைய கருவி என்னவென்று கேட்காமல் நகலெடுப்பது இங்கேதான் காலை வாரும். நிக்கான் பாடியில் நிக்கானின் மேக்ரோ லென்ஸ் போட்டால் திரையில் தெரிவதே உண்மை எண். அங்கே மறுபடி பெருக்காதீர்கள்.

ஆழம் இவ்வளவு குறைவு என்பதால் கோணம்தான் காப்பாற்றும். சென்சாரைப் பூச்சியின் உடம்புக்கு இணையாக வையுங்கள். பக்கவாட்டில் எடுத்தால் கண்ணும் வயிறும் ஒரே தளத்தில் விழும்.

விடியற்காலை, வரிசைப்படி

ஜனவரியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய ஆறரை ஆகும். 5:45க்கு இடத்தில் இருங்கள்.

1. முழங்காலை ஊன்றும் முன் அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். புல்வரப்பில் விரியன் சுருண்டு கிடந்தால் இருட்டில் தெரியாது. முழு பூட்ஸ், முழுக்கால் சட்டை. அடியில் போட ஒரு சாக்கு.

2. தீர்மானித்த வழியிலேயே, தாழ்ந்து, மெதுவாக வாருங்கள். பை ஐந்தடி தள்ளியே இருக்கட்டும். தோள்பட்டை வாரைக் கழற்றிவிடுங்கள். தொங்கும் வார் ஒன்று போதும், மொத்தக் கோரையும் ஆட.

3. ட்ரைபாட் கால்கள் ஈரமண்ணில் மெல்ல இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டேக் பாதியில் இருக்கும்போது ஃபிரேம் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்து அழுத்துங்கள்.

4. தண்டைப் பிடிக்க: ஒரு மூங்கில் குச்சியின் முனையில் துணிக்கிளிப்பைக் கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள். குச்சியை முதலில் தனியாக மண்ணில் ஊன்றி, பிறகு கிளிப்பைத் தண்டுக்குக் கொண்டுபோய், பூச்சிக்கு 10, 15 செ.மீ. கீழே மெதுவாகக் கவ்வ விடுங்கள். கிளிப்பை டப்பென்று விட்டால் மேலிருக்கும் துளி எல்லாம் கொட்டும். காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்துச் சாய்த்து வையுங்கள்.

5. மூச்சை ஒதுக்குங்கள். 11 செ.மீ. தூரத்தில் உங்கள் மூச்சு மூன்று வேலை செய்யும்: கண்ணாடியில் ஆவி படியும், தண்டு ஆடும், பூச்சிக்குச் சூடு கிடைக்கும். முகக்கவசம் போட்டால் காற்று மேலே ஏறி வியூஃபைண்டரை மங்கலாக்கும். திரையைப் பார்த்துத் தலையைத் தள்ளி வைத்து எடுப்பதே நல்லது.

6. இரண்டு நொடி டைமர் அல்லது ரிமோட். எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அது.

7. எடுக்காத நேரமெல்லாம் லென்ஸைக் கீழ்நோக்கி வையுங்கள். வானத்தைப் பார்த்துக் கிடந்தால் இலைக்கு நடந்தது கண்ணாடிக்கும் நடக்கும்.

காற்று பெரும்பாலும் சூரியன் எழுந்து நிலம் சூடேறத் தொடங்கியதும்தான் கிளம்பும். ஆகவே கடினமான ஸ்டேக்குகளை உதயத்துக்கு முன்னும் அதையொட்டிய அரை மணியிலும் முடித்துவிடுங்கள். வெயில் விழுந்ததும் பூச்சியைக் கவனியுங்கள். முன்னங்காலால் கண்ணைத் துடைக்கத் தொடங்கினால் இனி ஸ்டேக் வேண்டாம், ஒற்றைப் படங்கள் மட்டும். தட்டான் சிறகை நடுங்க வைத்தால் அது தசையைச் சூடேற்றுகிறது, சீக்கிரமே கிளம்பிவிடும். எட்டு மணிக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரக்கச் செய்வது, தண்ணீர் தெளித்துப் ‘பனி’ வரவழைப்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவது கொடுமை. இரண்டாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும்: தெளித்த நீர் பெரிதும் சிறிதுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டும், பனித்துளி மயிர்க்கால் தோறும் ஒரே சீராகக் கோக்கும்.

ஒளி

உதயத்துக்கு முன் இருக்கும் வெளிச்சம் மென்மையானது, ஆனால் சொற்பம். ஐஎஸ்ஓ 400, டியூபில் எஃப் 8 என்றால் ஷட்டர் அரை நொடி, ஒரு நொடிக்குக்கூடப் போகும். தண்டை கிளிப் பிடித்திருந்தால் பரவாயில்லை.

கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஃபிளாஷ்தான் வழி. ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/8 அல்லது 1/16. குறைந்த பவரில் ஃபிளாஷின் பளிச்சிடல் மிகக் குறுகியது, கை நடுக்கத்தை அதுவே உறைய வைக்கும். இங்கே கெடுப்பது, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் சரியில்லாததுதான். ஒவ்வொரு பனித்துளியும் ஒரு குவி ஆடி. உங்கள் விளக்கின் வடிவத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெறும் ஃபிளாஷ் என்றால் நூறு துளியில் நூறு வெள்ளைப் புள்ளி. அட்டையை வளைத்து உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, முன்னால் டிவி பெட்டிக்குள் சுற்றி வருமே அந்த வெள்ளை நுரைத்தாளை இரண்டு அடுக்கு, நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். அகலம் 20 செ.மீ.யாவது இருக்கட்டும், பூச்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில். அப்போது துளியில் சின்ன ஜன்னல் மாதிரி மென்மையான வெள்ளை விழும்.

ஃபிளாஷ் படத்தில் பின்னணி இருண்டு இரவுபோல் ஆவதற்குக் காரணம், ஒளி அங்கே போய்ச் சேராததுதான். பூச்சிக்குப் பின்னால் 5 முதல் 10 செ.மீ.யில் ஒரு பச்சை இலையைப் பிடியுங்கள், தீர்ந்தது.

துளிக்குள் தலைகீழாகப் பூ தெரியும் படம் எல்லோருக்கும் பிடிக்கும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. துளி ஒரு சின்ன லென்ஸ் என்பதால், பின்னாலிருக்கும் பூவின் பிம்பம் துளிக்குள் இல்லை, துளிக்கு முன்னால் கேமரா பக்கத்தில் உருவாகிறது. 1 மி.மீ. உருண்டைத் துளி என்றால் அதன் முன்முகத்திலிருந்து அரை மி.மீ. இந்தப் பக்கம். துளியின் விளிம்பில் ஃபோகஸ் செய்தால் பூ மங்கும். ஸ்டேக் எடுக்கிறீர்கள் என்றால் துளிக்கு முன்னே வெறும் காற்றிலிருந்தே தொடங்குங்கள்.

ஸ்டேக்கிங்

படிக்குப் படி நகரும் தூரம், கூர்மை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமல் இருக்கட்டும். 1:1, எஃப் 8இல் 0.4 மி.மீ.; டியூபோடு 2:1, எஃப் 5.6இல் 0.1 மி.மீ. 2 மி.மீ. ஆழமுள்ள அசுவினிக்கு அப்படி 20 படங்கள் ஆகும். கேமராவை இம்மி இம்மியாக நகர்த்தும் ஃபோகஸ் ரெயில் மலிவானது என்றால் அதன் திருகில் ஆட்டம் இருக்கும்; எப்போதும் ஒரே திசையில் மட்டும் திருப்புங்கள். ஃபோகஸைத் தானே படிப்படியாக நகர்த்தி எடுக்கும் ஃபோகஸ் பிராக்கெட்டிங் கேமராவிலேயே இருந்தால் ரெயில் தேவையில்லை. படி அளவை மிகச் சிறியதில் தொடங்கிப் பழகுங்கள்.

இணைக்க ஸெரீன் ஸ்டேக்கர், ஹெலிகான் ஃபோகஸ் அல்லது போட்டோஷாப். ஸெரீனில் பிமேக்ஸ் முறை, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும் மயிர்களையும் கால்களையும் நன்றாகப் பிரிக்கும், ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் கூட்டும். டிமேப் முறை நிறத்தைக் காப்பாற்றும், குறுக்குக் கால்களின் ஓரத்தில் ஒளிவட்டம் விடும். பனிப் படங்களுக்கு இரண்டையும் ஓட்டி, டிமேப்பை அடிப்படையாக வைத்து, காலும் மயிரும் மட்டும் பிமேக்ஸிலிருந்து ஒட்டுவதே நல்லது. ஒரே துளி இரட்டையாகத் தெரிந்தால் எடுக்கும்போதே அது வழுக்கியிருக்கிறது. அந்தத் துளியை மட்டும் ஒரே ஒரு மூலப் படத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள்.

உறைபனியில்

ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகளில் ஜனவரியில் புல் வெள்ளையாக உறையும். அங்கே புல் நுனியில் பூச்சி தேடாதீர்கள். பெரும்பாலானவை பட்டைக்கும் கல்லுக்கும் அடியில் இருக்கும். பாசியையும் மக்கிய கட்டையையும் பாருங்கள், 1, 2 மி.மீ. ஸ்பிரிங்டெயில்கள் (துள்ளும் சிற்றுயிர்கள்) ஊர்ந்துகொண்டிருக்கும். கல்லைப் புரட்டினால் அதே நிலையில் திரும்ப வையுங்கள். வனத்துறை எல்லைக்குள் முன்அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்; மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் திறந்தபடி கொண்டுபோனால் உள்ளே வரைக்கும் ஈரம் படியும். வெளியில் இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, அறையில் ஒரு மணி நேரம் விட்டு, பிறகு திறவுங்கள். சமவெளியில் சிக்கல் எதிர்த்திசையில் வரும்: ஏசி அறையில் தூங்கிய கேமரா வெளியே வந்ததும் வியர்க்கும். ஆகவே இரவே பையைக் கூடத்தில் வைத்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் பாடியையும் லென்ஸையும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி, மூடியைக் கழற்றி மின்விசிறிக் காற்றில் அரை மணி வைத்த பிறகே பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் மாசிக்குள் லென்ஸில் பூஞ்சை நூல் விடும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உண்டு என்பதால், அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் மட்டும், சமையலறை ஜன்னல் திறந்திருக்க.